‘உசரமா இருக்கறதுலதான் நிறைய தண்ணி’

கேள்வி: ஆசிரியர் பயிற்சி படித்துக்கொண்டிருக்கிறேன். குழந்தை உளவியல் பாடத்தில் பியாஜே வந்ததும் என் மகளையே வைத்துச் சோதித்துப் பார்த்தேன். அவளுக்கு நாலு வயது மூன்று மாதம். ஒரே மாதிரி இரண்டு டம்ளர்களில் சம அளவு தண்ணீர் ஊற்றி, அவள் கண்முன்னேயே ஒன்றை ஒல்லியான, உயரமான பாட்டிலுக்கு மாற்றினேன். “உசரமா இருக்கறதுலதான் நிறைய” என்றாள். பொத்தான்களை இரண்டு வரிசையாக வைத்து, ஒரு வரிசையை மட்டும் அகட்டி வைத்தாலும் இதே கதைதான். என் நாத்தனார் மகனுக்கும் இதே வயது. அவன் “ரெண்டும் ஒண்ணுதான்” என்று பட்டென்று சொல்லிவிட்டான். ஒரு வாரம் உட்கார்ந்து இவளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். இப்போது தண்ணீருக்குச் சரியாகச் சொல்கிறாள். களிமண் உருண்டையை நீளமாக உருட்டிக் காட்டினால் பழையபடி ஆகிவிடுகிறாள்.

ஒன்பது மாதப் பையனும் இருக்கிறான். துணிக்கடியில் பொம்மையை ஒளித்தால் எடுத்துவிடுகிறான். ஆனால் அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பக்கத்துத் துணிக்கடியில் ஒளித்தாலும் பழைய துணியைத்தான் இழுக்கிறான். “பியாஜே எல்லாம் பழசு, மூளை வளர்ச்சி வகுப்பில் சேர்த்துவிடலாம்” என்கிறார் கணவர். மகள் பின்தங்கியிருக்கிறாளா? எந்தக் கோட்பாடுதான் சரி? போதாக்குறைக்கு, மகள் இப்போது பொய் வேறு சொல்ல ஆரம்பித்திருக்கிறாள்.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் வயிற்றில் இருக்கும் கலக்கத்தை இறக்கிவைத்துவிடுகிறேன். உங்கள் மகள் பின்தங்கவில்லை. நாலேகால் வயதில் பெரும்பாலான குழந்தைகள் சொல்லும் பதிலைத்தான் அவளும் சொல்லியிருக்கிறாள். தண்ணீர் சோதனையில் நம்பிச் சொல்லத்தக்க சரியான பதில் வர ஆறேழு வயதாகும். ஒன்பது மாதப் பையன் செய்ததும் அந்த வயதுக்கே உரியது. உங்கள் பாடப்புத்தகத்திலேயே அந்தப் பக்கத்தைத் தேடினால் கிடைக்கும்.

நாத்தனார் மகன் விஷயத்துக்கு வருவோம். அவன் “ரெண்டும் ஒண்ணுதான்” என்றதும் நீங்கள் நிறுத்திவிட்டீர்கள், இல்லையா? அடுத்த கேள்வியைக் கேட்டிருக்க வேண்டும்: “எப்படிடா கண்ணா தெரியும்?” இந்தச் சோதனையின் உயிரே அந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. உண்மையில் புரிந்துகொண்ட குழந்தை மூன்றில் ஒரு காரணம் சொல்லும். “நீங்க ஒண்ணும் சேக்கலையே, எடுக்கவும் இல்லையே” என்பது ஒன்று. “திரும்ப இதுல ஊத்தினா அதே அளவுதான் வரும்” என்பது இன்னொன்று. “இது உசரம், ஆனா ஒல்லி” என்பது மூன்றாவது. மூன்றும் இல்லாமல் “எனக்குத் தெரியும்” என்றோ “அம்மா சொன்னாங்க” என்றோ சொன்னால், அவனிடம் இருப்பது விடை மட்டும்தான். ஒரு வாரப் பயிற்சிக்குப் பிறகு உங்கள் மகளிடம் இருப்பதும் அதேதான். தண்ணீருக்கு என்ன சொன்னால் அம்மா முகம் மலர்கிறது என்று கற்றுக்கொண்டுவிட்டாள். களிமண்ணுக்கு நீங்கள் இன்னும் சொல்லித்தரவில்லை!

தப்பான பதிலைப் பார்த்ததும் திருத்தக் கை துறுதுறுக்கிறது, நமக்கெல்லாம். அப்படித் திருத்தாமல் உற்றுப் பார்த்த ஒருவரிடமிருந்துதான் நீங்கள் படிக்கும் பாடம் தொடங்கியது. ழான் பியாஜே 1896-இல் சுவிட்சர்லாந்தின் நோஷாடெல் நகரில் பிறந்தவர். படித்தது உயிரியல், முனைவர் பட்டம் வாங்கியது நத்தை முதலான மெல்லுடலிகளை ஆராய்ந்து. பிறகு பாரிஸில், ஆல்ஃபிரெட் பினேயோடு சேர்ந்து அறிவுத்திறன் சோதனையை உருவாக்கிய தியோடோர் சிமோனிடம் வேலைக்குச் சேர்ந்தார். வேலை எளிது: பள்ளிப் பிள்ளைகளிடம் தர்க்கக் கேள்விகளைக் கேட்டு, எந்த வயதில் எத்தனை பேர் சரியாகச் சொல்கிறார்கள் என்று கணக்கெடுக்க வேண்டும். அவருக்கு அந்தக் கணக்கில் மனம் ஒட்டவில்லை. தப்பாகச் சொன்ன பிள்ளைகளோடு பேசிக்கொண்டிருந்தார். ஒரே வயதுப் பிள்ளைகள் ஒரே மாதிரியாகத் தப்புச் செய்வது கண்ணில் பட்டது. வாய்க்கு வந்ததை உளறுவதாக இருந்தால் ஆளுக்கொரு விதமாக அல்லவா உளற வேண்டும்? அப்படியானால் பிள்ளையின் தலைக்குள் ஒரு முறை இருக்கிறது, அது பெரியவர்களின் முறை அல்ல. வாழ்நாள் முழுக்க அவர் பிடித்துக்கொண்டிருந்த நூல் இதுதான். 1925, 1927, 1931 ஆண்டுகளில் பிறந்த தம் மூன்று பிள்ளைகளையும் தொட்டிலிலிருந்தே கவனித்துப் பக்கம் பக்கமாகக் குறிப்பெழுதினார். ஆக, சொந்தப் பிள்ளையைச் சோதித்துப் பார்த்த முதல் ஆள் நீங்கள் இல்லை.

பாடத்தில் நான்கு நிலைகளின் அட்டவணையைத்தான் மனப்பாடம் செய்யச் சொல்லியிருப்பார்கள்: பிறப்பு முதல் 2 வரை, 2 முதல் 7 வரை, 7 முதல் 11 வரை, அதற்கு மேல். என்னைக் கேட்டால் பியாஜேயிடம் ஆகக் குறைவாகத் தேறுவது அந்த அட்டவணைதான். தேர்வில் அப்படியே எழுதிவிடுங்கள், மதிப்பெண் வேண்டுமே. ஆனால் வீட்டுச் சுவரில் ஒட்டிவைத்து மகளை அதில் அளக்காதீர்கள். தேறி நிற்பது அதற்கு அடியில் இருக்கும் எண்ணம்: குழந்தை அறிவை வாங்கி நிரப்பிக்கொள்ளும் பாத்திரம் அல்ல, தானே கட்டுகிறது. கையில் ஏற்கெனவே இருக்கும் வார்ப்புக்குள் புதியதை அடைக்கப் பார்க்கிறது. நாயைப் பார்த்துப் பழகிய குழந்தை ஆட்டைப் பார்த்ததும் “தோ தோ” என்று கூப்பிடுவது இதனால்தான். அடங்காதபோது வார்ப்பையே மாற்றுகிறது. உங்கள் புத்தகம் முதலாவதைத் தன்வயமாக்கல் என்றும் இரண்டாவதைப் பொருந்துதல் என்றும் சொல்லியிருக்கும், அல்லது அதுபோல ஏதாவது. பெயர் எதுவானாலும் சரி.

தண்ணீருக்கு வருகிறேன். உங்கள் மகள் உயரத்தை மட்டும் பார்த்தாள், அகலத்தைப் பார்க்கவில்லை. அதைவிட முக்கியமான ஒன்று: முதலில் இருந்ததையும் கடைசியில் இருப்பதையும் பார்த்தாள், நடுவில் நடந்த ஊற்றுதலைக் கணக்கில் எடுக்கவில்லை. இரண்டு புகைப்படங்களைப் பார்ப்பது போல. உயரமாக இருந்தால் அதிகம் என்பது அவள் அதுவரை பார்த்த உலகில் பெரும்பாலும் பலித்த விதி. அந்த விதியைக் கைவிட அவளுக்கு இன்னும் காரணம் கிடைக்கவில்லை.

இங்கே உங்கள் சோதனையின் மேலும் ஒரு குற்றம் சொல்ல வேண்டும். குற்றம் உங்களுடையது அல்ல, பியாஜேயிடமிருந்து வந்தது. ஊற்றுவதற்கு முன் “எதில் நிறைய?” என்று கேட்கிறோம். “ரெண்டும் ஒண்ணு” என்கிறது குழந்தை. பிறகு அம்மா மெனக்கெட்டு ஒன்றை மாற்றிவிட்டு, அதே கேள்வியை அதே முகத்தோடு திரும்பக் கேட்கிறாள். வீட்டில் கேட்டதையே மறுபடி கேட்டால் அதற்கு என்ன பொருள்? முதலில் சொன்னது தப்பு என்பதுதானே! பயிற்சிக் காலத்தில் ஒரு சிறுவனிடம் இப்படிக் கேட்டபோது, “முன்னாடியே சொன்னேனே, அது பிடிக்கலையா?” என்று திருப்பிக் கேட்டுவிட்டான். அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை.

1974-இல் ஜேம்ஸ் மெக்காரிகிளும் மார்கரெட் டொனால்ட்சனும் இந்தச் சந்தேகத்தை அழகாகச் சோதித்தார்கள். பொத்தான் வரிசை போன்ற அதே சோதனைதான். ஆனால் வரிசையைக் கலைப்பவர் பெரியவர் அல்ல, ஒரு குறும்புக்காரக் கரடி பொம்மை. பெட்டியிலிருந்து குதித்து வந்து விளையாட்டைக் குலைத்துவிட்டுப் போகிறது. இப்போது “ரெண்டும் சமமா?” என்று கேட்பதற்கு ஒரு நியாயம் இருக்கிறது. நாலு முதல் ஆறு வயதுப் பிள்ளைகளில், வழக்கமான முறையில் ஏறத்தாழ ஆறில் ஒருவர்தான் சரியாகச் சொன்னார்கள். கரடி கலைத்தபோது பத்தில் ஆறு பேருக்கு மேல் சரியாகச் சொன்னார்கள். கரடியின் வேடிக்கையில் பிள்ளைகள் வரிசையைக் கவனிக்கவே இல்லை, உண்மையிலேயே ஒரு பொத்தான் குறைந்தாலும் ‘சமம்’ என்றுதான் சொல்கிறார்கள் என்று பின்னால் வேறு சிலர் காட்டினார்கள். அதனால் கரடி முழு வழக்கையும் ஜெயித்துவிட்டதாகச் சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு சோதனையில் குழந்தை தவறினால் தவறியது சிந்தனையா, கேள்வியா என்று பார்க்கும் பழக்கம் அங்கிருந்துதான் வலுப்பெற்றது. நாளைக்கு வகுப்பறையில் நிற்கப்போகும் உங்களுக்கு அந்த அட்டவணையைவிட இந்தப் பழக்கம் அதிகம் உதவும்.

இனி சின்னவனின் துணி விளையாட்டு. எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. கொஞ்சம் நீட்டினால் பொறுத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் ‘எந்தக் கோட்பாடு சரி’ என்ற உங்கள் கேள்விக்கு விடையும் அந்தத் துணிக்கடியில்தான் இருக்கிறது.

பியாஜே சொன்ன விளக்கம்: எட்டு முதல் பன்னிரண்டு மாதம் வரை, பொம்மை என்பது தன்பாட்டுக்கு இருக்கும் ஒரு பொருள் என்று குழந்தைக்கு முழுதாக விளங்கவில்லை. ‘இந்தத் துணியை இழுத்தால் வருகிற பொம்மை’ என்று தன் செயலோடு சேர்த்தே அது பொருளை அறிகிறது. ஆகவே பொம்மை எங்கே போனாலும், முன்பு பலன் தந்த செயலையே திரும்பச் செய்கிறது.

அடெல் டயமண்ட் என்ற ஆய்வாளர் 1980-களில் வேறு விதமாகப் பார்த்தார். ஒளித்ததற்கும் குழந்தையைத் தேட விடுவதற்கும் நடுவே எத்தனை விநாடி கடக்கிறது என்று அளந்தார். ஏழரை மாதத்தில் இரண்டு விநாடி தாமதமே குழந்தையைத் தடுமாற வைத்துவிடுகிறது. தாங்கும் தாமதம் மாதத்துக்குச் சுமார் 2 விநாடி வீதம் கூடுகிறது. பன்னிரண்டு மாதத்தில் பத்து விநாடியைத் தாண்டுகிறது. அப்படியென்றால் பொருளைப் பற்றிய அறிவு இல்லை என்பதல்ல பிரச்சினை. எங்கே வைத்தார்கள் என்பதை நினைவில் நிறுத்த வேண்டும், பழகிப்போன கையையும் தடுக்க வேண்டும். இரண்டையும் ஒருசேரச் செய்ய நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளைப்பகுதி இன்னும் முதிரவில்லை. அடுத்த முறை சின்னவனின் கையைப் பார்க்காமல் கண்ணைப் பாருங்கள். கை பழைய துணியை இழுத்துக்கொண்டிருக்கும்போதே கண் சரியான துணியைப் பார்த்துக்கொண்டிருப்பதை எப்போதாவது பிடித்துவிடலாம்.

லிண்டா ஸ்மித்தும் எஸ்தர் தெலனும் 1999-இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் விசித்திரம். பொம்மையே வேண்டாம் என்றார்கள். இரண்டு மூடிகளை வைத்து, எதையும் ஒளிக்காமலேயே சோதித்தார்கள். அப்போதும் குழந்தை அதே தப்பைச் செய்தது, பழகிய மூடியையே திரும்ப எடுத்தது. ஒரு மூடியிலிருந்து மற்ற மூடிக்கு மாறும் நேரத்தில், உட்கார்ந்திருந்த குழந்தையை நிற்க வைத்தபோது தப்பு குறைந்தது. நினைவு உடம்பில் இருக்கிறது, கை போன தடம் அடுத்த முறையும் கையை இழுக்கிறது என்பது அவர்கள் வாதம். பிறகு 2008-இல் யோசெஃப் டோபாலும் உடனிருந்தவர்களும் இன்னொரு கோணத்தைக் காட்டினார்கள். பெரியவர் கண்ணைப் பார்த்து, பெயர் சொல்லிக் கூப்பிட்டு, சிரித்துக்கொண்டே ஒளித்தால் பத்து மாதக் குழந்தைகள் அதிகம் தவறுகிறார்கள். முகம் கொடுக்காமல் ஒளித்தால் தவறு குறைகிறது. ‘பொம்மை இங்கேதான் இருக்கும்’ என்று பெரியவர் ஏதோ பாடம் சொல்லித்தருவதாகக் குழந்தை எடுத்துக்கொள்கிறதாம்! நீங்களும் கொஞ்சிக்கொண்டுதானே ஒளித்திருப்பீர்கள்?

ஒரே ஒரு துணி, ஒரே ஒரு கை, நாலு விளக்கம். யானையைத் தடவிப் பார்த்த பார்வையற்றவர்கள் கதையைச் சொல்லி இங்கே நான் நழுவப் போவதில்லை. அந்தக் கதையில் எல்லோரும் பாதி சரி. இங்கே சில இடங்களில் ஒன்று சரியானால் இன்னொன்று தப்பாகத்தான் இருக்க வேண்டும். பொம்மை இல்லாமலேயே தப்பு வருகிறதென்றால், தப்புக்குக் காரணம் பொருளைப் பற்றிய அறியாமை என்ற பியாஜேயின் விளக்கம் அந்த அளவில் நிற்காது. என் சாய்வை ஒளிக்காமல் சொல்கிறேன்: இந்தத் துணி விளையாட்டில் பியாஜே தோற்றார், டயமண்டும் தெலனும் பெரும்பகுதியை விளக்கிவிட்டார்கள் என்றே நினைக்கிறேன்.

அதற்காகக் கைக்குழந்தைக்கு எல்லாம் தெரியும் என்ற எதிர்முனைக்கும் ஓட வேண்டாம். 1985-இல் ரெனே பையார்ஜோனும் எலிசபெத் ஸ்பெல்கியும் இன்னொருவரும் சேர்ந்து ஐந்து மாதக் குழந்தைகளுக்கு ஒரு சின்ன மேடையைக் காட்டினார்கள். தட்டி ஒன்று எழுந்து பின்பக்கம் சாய்கிறது. அதற்குப் பின்னால் ஒரு பெட்டி வைத்திருக்கிறது. தட்டி பெட்டியில் முட்டி நிற்க வேண்டும். அப்படி நிற்காமல், பெட்டி இருந்த இடத்தின் ஊடாகவே படுத்துவிடுவதாகக் காட்டினால் குழந்தைகள் அதிக நேரம் உற்றுப் பார்த்தார்கள். மறைந்த பெட்டி அங்கேதான் இருக்கிறது என்று ஐந்து மாதத்திலேயே எதிர்பார்க்கிறார்கள் என்பது அவர்களின் முடிவு. அதிக நேரம் பார்ப்பதை ‘தெரியும்’ என்று மொழிபெயர்க்கலாமா என்ற சண்டை இன்றுவரை ஓயவில்லை. அந்த அசைவு பழகியது என்பதற்காகவே பார்த்திருக்கலாம் என்பவர்களும் இருக்கிறார்கள். பொருள்கள் ஒன்றையொன்று ஊடுருவாது, சும்மா மறைந்துபோகாது என்ற ஒரு சின்ன முதலீட்டோடு குழந்தை பிறக்கிறது என்று ஸ்பெல்கி சொல்வது எனக்கு ஏற்புடையதாகவே இருக்கிறது. முதலீடு மட்டுமே வியாபாரம் ஆகிவிடாது என்பதும் உண்மை.

பியாஜேயின் நிலைகளில் இன்னொரு ஓட்டை, குழந்தை எல்லா விஷயத்திலும் ஒரே படியில் நிற்கும் என்ற எதிர்பார்ப்பு. 1978-இல் மிஷெலின் சி ஒரு ஆய்வை வெளியிட்டார். சதுரங்கம் நன்றாக ஆடும், சராசரி பத்து வயதுப் பிள்ளைகளையும் அதிகம் ஆடாத பெரியவர்களையும் எடுத்துக்கொண்டு, பலகையில் காய்கள் இருந்த நிலையை நினைவிலிருந்து அடுக்கச் சொன்னார். பிள்ளைகள் ஜெயித்தார்கள். வெறும் எண்களை நினைவில் வைக்கச் சொன்னால் பெரியவர்கள் முந்தினார்கள். ஆக, வயதோடு சேர்ந்து எதில் எவ்வளவு தோய்ந்திருக்கிறது என்பதும் சிந்தனையை நடத்துகிறது. உங்கள் மகளுக்கும் எதிலாவது இப்படி ஒரு தோய்வு இருக்கும். பேருந்துகளோ, பூச்சிகளோ, உறவுமுறைகளோ. அதில் அவள் வாதாடுவதைக் கேளுங்கள். நாலு வயதுப் பிள்ளை மாதிரியே தெரியாது.

இப்போது நீங்கள் சொல்லிக்கொடுத்த அந்த ஒரு வாரம். கற்பித்தல் என்றால் வைகாட்ஸ்கியைக் கூப்பிடாமல் முடியாது. லெவ் வைகாட்ஸ்கியும் அதே 1896-இல் பிறந்தவர்தான், ரஷ்யப் பேரரசில். காசநோயால் 1934-இல், 37 வயதிலேயே போய்விட்டார். பிள்ளை தனியாகச் செய்ய முடிவதற்கும், விஷயம் தெரிந்த ஒருவர் கூட இருந்தால் செய்ய முடிவதற்கும் நடுவே ஒரு இடைவெளி இருக்கிறது, கற்பித்தல் பலிப்பது அந்த இடைவெளியில்தான் என்றார். ‘அண்மை வளர்ச்சி மண்டலம்’ என்று உங்கள் புத்தகத்தில் பயமுறுத்தும் பெயரில் இருப்பது இதுதான். 1976-இல் டேவிட் வுட், ஜெரோம் புரூனர், கெயில் ராஸ் மூவரும் மூன்று முதல் ஐந்து வயதுப் பிள்ளைகள் மரக்கட்டைகளால் கோபுரம் அடுக்க ஒருவர் எப்படி உதவுகிறார் என்று கவனித்தார்கள். அந்த உதவிக்குக் கட்டடக்காரர்களின் சொல்லையே வைத்தார்கள்: சாரம். கட்டடம் நிற்கும் வரை சாரம் வேண்டும். நின்றதும் பிரித்துவிட வேண்டும். உங்கள் மகளுக்கு நீங்கள் கொடுத்தது சாரம் அல்ல, கட்டி முடித்த கட்டடத்தின் படம்.

பிள்ளைகளைச் சீக்கிரம் அடுத்த நிலைக்குத் தள்ள முடியுமா என்று கேட்டால் பியாஜே அலுத்துக்கொள்வார். அதை ‘அமெரிக்கக் கேள்வி’ என்றே கிண்டல் செய்தார். மறைந்த பொருளைத் தேடும் திறமையில் பூனைக்குட்டி மனிதக் குழந்தையை முந்திவிடுகிறது, ஆனால் பிறகு அங்கேயே நின்றுவிடுகிறது. அப்படியிருக்க வேகத்தில் என்ன பெருமை என்பது அவர் கட்சி. இந்த இடத்தில் நான் அவரோடு முழுக்க இல்லை. பயிற்சி பலிக்கும், ஆனால் எந்தப் பயிற்சி என்பதில்தான் சூட்சுமம். ராபர்ட் சீக்லர் 1995-இல் ஐந்து வயதுப் பிள்ளைகளோடு, நீங்கள் செய்த அதே வரிசைச் சோதனையில் மூன்று வழிகளை ஒப்பிட்டார். சரியா தப்பா என்று மட்டும் சொல்வது ஒரு வழி. பிள்ளையின் காரணத்தைக் கேட்டுவிட்டு, பிறகு சரியா தப்பா என்று சொல்வது இன்னொன்று. மூன்றாவது வழியில், சரியான விடையைத் தாமே சொல்லிவிட்டு, “நான் அப்படிச் சொல்றேனே, எனக்கு எப்படித் தெரிஞ்சிருக்கும்?” என்று பிள்ளையையே விளக்கச் சொன்னார். மூன்றாவதில்தான் பிள்ளைகள் அதிகம் கற்றார்கள். அதிலும் நேர்கோடாக இல்லை. இன்றைக்குச் சரியாக விளக்கிய பிள்ளை சற்றுக் கழித்துப் பழைய காரணத்துக்கே திரும்பியது. ஒரு பிள்ளையின் தலையில் ஒரே நேரத்தில் நாலைந்து வழிகள் புழங்குகின்றன. நல்லது மெல்ல மெல்ல அதிகம் பயன்படத் தொடங்குகிறது என்று சீக்லர் காட்டினார். படிக்கட்டைவிடக் கரையேறி இறங்கும் அலை இதற்குப் பொருத்தமான உருவகம். உங்கள் மகள் தண்ணீருக்கு ஒன்றும் களிமண்ணுக்கு ஒன்றும் சொன்னது அந்த அலையின் நடுவிலா, வெறும் ஒப்புவித்தலா என்று தெரிய வேண்டுமானால் இந்தக் கேள்வியைக் கேட்டுப் பாருங்கள்: “அம்மா ரெண்டும் ஒண்ணுன்னு சொல்றேன், ஏன் அப்படிச் சொல்றேன், சொல்லு பாப்போம்.”

அவள் பதில் சொல்லும்போது கைகளையும் பாருங்கள். 1986-இல் பிரெக்கன்ரிட்ஜ் சர்ச்சும் சூசன் கோல்டின்-மெடோவும் இதே சோதனையில் ஒன்றைக் கவனித்தார்கள். சில பிள்ளைகள் வாயால் “இது உசரம்” என்கிறார்கள். அதே நேரத்தில் கை டம்ளரின் அகலத்தை வளைத்துக் காட்டுகிறது. வாய்க்கு இன்னும் எட்டாதது கைக்கு எட்டிவிட்டது. இப்படி வாயும் கையும் முரண்படும் பிள்ளைகள்தான் பயிற்சி கொடுத்தால் மற்றவர்களைவிட நன்றாகப் பிடித்துக்கொண்டார்கள். உங்கள் மகளின் விரல்கள் அகலத்தை வளைக்கும் நாள் வந்தால், அப்போது சொல்லிக்கொடுங்கள். அதுவரை குளிக்கும்போது நாலைந்து குவளைகளைக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளுங்கள். ஊற்றி ஊற்றி அவளே பார்க்கட்டும்.

விளையாடும்போது தனக்குத்தானே பேசிக்கொள்கிறாளா? “இது இங்க வைக்கணும்... ஐயோ விழுந்துடுச்சு... பெருசு கீழ...” என்பது மாதிரி. பேசினால் தடுக்காதீர்கள். மற்றவர் கோணம் பிடிபடாத குழந்தையின் பேச்சு இது, வளர வளரத் தானே தேய்ந்து மறையும் என்று பியாஜே நினைத்தார். மறையவில்லை, உள்ளே போகிறது. பெரியவர்களின் மௌனச் சிந்தனை அதிலிருந்துதான் உண்டாகிறது என்றார் வைகாட்ஸ்கி. படம் வரைய உட்கார்ந்த பிள்ளைக்குப் பென்சிலோ தாளோ கிடைக்காதபடி செய்து பார்த்தார். சிக்கல் வந்ததும் இந்தப் பேச்சு ஏறக்குறைய இரட்டிப்பானது. வைகாட்ஸ்கியின் நூல் ஆங்கிலத்தில் வந்தது 1962-இல். அப்போதுதான் அதைப் படித்த பியாஜே, இதையெல்லாம் அவரோடு நேரில் பேச முடியாமல் போயிற்றே என்ற வருத்தத்தோடு ஒரு பதில் எழுதினார். அந்தப் பேச்சு விஷயத்தில் பெரும்பாலும் ஒப்புக்கொண்டார். சண்டைக்காரர்களாகவே பாடப்புத்தகங்கள் நிறுத்திவைக்கும் இருவர் இவர்கள்.

உங்கள் கணவருக்கு: பியாஜேயின் சில முடிவுகள் பழசாகிவிட்டன என்பது உண்மை. ஆனால் அவற்றைப் பழசாக்கியவர்கள் அவர் கேட்ட கேள்விகளைத்தான் இன்னும் கூர்மையாகக் கேட்டார்கள். மூளை வளர்ச்சி வகுப்பு அந்த வரிசையில் வராது. ஒன்பது மாதக் குழந்தைக்கு அட்டை காட்டி மூளையை வளர்ப்பதாகச் சொல்லும் எதற்கும் பணம் கட்டாதீர்கள். அந்தப் பையனுக்குத் தேவையானது அவன் துணியை இழுக்கும்போது எதிரே உட்கார்ந்திருக்கும் ஆள்தான்.

பயப்பட வேண்டியவை வேறு இருக்கின்றன. ஒரு வயதை நெருங்கியும் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாதது, ஒன்றரை வயதிலும் எதையும் விரல் நீட்டிக் காட்டாதது, இரண்டு வயதிலும் இரண்டு சொற்களைச் சேர்த்துப் பேசாதது. எந்த வயதிலானாலும் ஏற்கெனவே வந்த பேச்சோ திறமையோ போய்விடுவது. இவற்றில் ஒன்று தென்பட்டாலும் காத்திருக்காமல் குழந்தை மருத்துவரிடம் போய், காது கேட்கும் திறனையும் சேர்த்துப் பரிசோதியுங்கள். டம்ளர் தண்ணீர் இந்தப் பட்டியலில் இல்லை.

கடைசியாகப் பொய். நீங்கள் போகிறபோக்கில் எழுதிய இந்த ஒரு வரிதான் உங்கள் கடிதத்திலேயே என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. 1983-இல் ஹைன்ஸ் விம்மரும் ஜோசப் பெர்னரும் பிள்ளைகளுக்கு ஒரு கதை சொன்னார்கள். ஒரு பையன் சாக்லேட்டை ஒரு அலமாரியில் வைத்துவிட்டு வெளியே போகிறான். அவன் இல்லாதபோது அம்மா அதை வேறு அலமாரிக்கு மாற்றுகிறாள். திரும்பி வந்தவன் எங்கே தேடுவான்? மூன்று வயதுப் பிள்ளைகள் பெரும்பாலும் இப்போது இருக்கும் இடத்தைக் காட்டுகிறார்கள். தனக்குத் தெரிந்தது அவனுக்குத் தெரியாது என்பது பிடிபடவில்லை. நாலு வயதைத் தாண்டும்போது பலருக்கு அது பிடிபடுகிறது: அவன் தலைக்குள் வேறு ஒன்று, தப்பான ஒன்று, இருக்கிறது. அது தெரிந்தால்தான் இன்னொருவர் தலைக்குள் தப்பான ஒன்றை வேண்டுமென்றே வைக்கவும் திறமாக முடியும். தண்ணீர் சோதனையில் அவளிடம் நீங்கள் தேடிய வளர்ச்சி, நீங்கள் சோதிக்காத இடத்தில் நடந்துகொண்டிருக்கிறது.

கண்டிக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் தெரிந்த விஷயத்தையே “நீயா செஞ்ச?” என்று கேட்டுப் பொய் சொல்ல இடம் கொடுக்காதீர்கள். “சுவத்துல கிறுக்கியிருக்கு, வா துடைக்கலாம்” என்று நேராகவே போங்கள். இப்போதைக்கு அவளுக்குப் பொய்யை ஆரம்பிக்கத்தான் தெரியும், காப்பாற்றத் தெரியாது. “நான் கிறுக்கவே இல்லை” என்பவளிடம் “யார் கிறுக்கினா?” என்று கேட்டுப் பாருங்கள். “தம்பி” என்பாள். தம்பிக்கு இன்னும் நிற்கவே வராது என்பது அவள் கணக்கில் வந்திருக்காது.